ஏழு வருஷ சாட்டிலைட்டும் நாலு வருஷப் பசங்களும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். காலேஜ் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான். மூணாவது வருஷப் பசங்க நாலு பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்னாங்க. ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு. இந்த நேரத்தில் கூட்டமாக வந்தால் ஒண்ணு அட்டெண்டன்ஸ் விஷயம், இல்லாட்டி இன்டர்னல் மார்க். இவங்க வந்தது ரெண்டுக்கும் இல்லை. கையில் ஒரு பேப்பர். அதில் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒரு பெட்டி வரைஞ்சு வெச்சிருந்தாங்க.

"சார், நாங்க ஒரு சாட்டிலைட் பண்ணலாம்னு இருக்கோம். நீங்கதான் கைடா இருக்கணும்."

"எவ்வளவு நாள்ல முடிக்கப் போறீங்க?"

"பாஸ் அவுட் ஆகறதுக்குள்ள மேல அனுப்பிடலாம் சார். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

சிரிப்பு வந்தது. சிரிக்கலை. இந்த வயசுப் பசங்க கிட்ட சிரிக்கக் கூடாத இடம்னு சிலது இருக்கு. "திங்கட்கிழமை சொல்றேன்"னு சொல்லி அனுப்பிட்டு பஸ்ஸைப் பிடிச்சேன்.

நான் ஏரோஸ்பேஸ் வாத்தியார் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் ஹைவேயில் இருக்கிற எத்தனையோ காலேஜில் ஒண்ணில் இருபத்திமூணு வருஷமாக வேலை. நசரத்பேட்டையில் டிராஃபிக்கில் பஸ் நின்னால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். அன்னைக்குத் தூக்கம் வரலை. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போறேன்.

2009 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. காலையில் 6.45க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி-சி12 கிளம்பினதை வீட்டில் டிவி முன்னாடி உட்கார்ந்து பார்த்தேன். அந்த ராக்கெட்டில் பெரிய ஆள் ரிசாட்-2. சுமார் 300 கிலோ, ரேடார் செயற்கைக்கோள். பேப்பரில் எல்லாம் அதுதான் தலைப்பு. கூடவே ஓரமாக 40 கிலோவில் ஒரு பெட்டி போச்சு. அதுதான் அனுசாட். அண்ணா யுனிவர்சிட்டி சாட்டிலைட். இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் கட்டின முதல் செயற்கைக்கோள்.

கட்டின இடம் நமக்குப் பக்கம்தான். குரோம்பேட்டை எம்ஐடி. 1949ல் ராஜம் ஆரம்பிச்சது, கலாம் படிச்சது, 1978ல் அண்ணா பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. பூந்தமல்லியில் பஸ் ஏறி குன்றத்தூர், பம்மல், பல்லாவரம்னு போனால் குரோம்பேட்டை. ஒரு படம் பார்க்கிற நேரத்துக்குள் போய்ட்டு வந்திடலாம். அங்கே இருக்கிற ஏரோஸ்பேஸ் துறையில் வாத்தியார்களும் மாணவர்களும் இஸ்ரோ கைபிடிச்சு நடத்த, ஒரு சாட்டிலைட் பண்ணினாங்க. அன்னைக்கு டிவி முன்னாடி எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நானும் வாத்தியார்ங்கிறதைத் தவிர.

சரி, கணக்குக்கு வருவோம். இஸ்ரோவோட ஒப்பந்தம் போட்டது 2002ல். மேலே போனது 2009ல். ஏழு வருஷம்.

பி.இ. நாலு வருஷம். எம்.இ. ரெண்டு வருஷம். 2002ல் முதல் வருஷம் சேர்ந்த பையன் 2006ல் டிகிரி வாங்கிட்டு, வேலைக்குப் போய், 2009ல் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக்கிட்டு இருந்திருப்பான். ஆரம்பிச்சு வெச்ச மாணவன் முடிவைப் பார்க்க அந்த இடத்தில் இருக்க மாட்டான். முடிவைப் பார்க்கிற மாணவனுக்கு ஆரம்பம் தெரியாது. ரெண்டையும் பார்க்கிறது வாத்தியார் மட்டும்தான். சின்ன சாட்டிலைட் ஆராய்ச்சியில் ஒரு புரொபசரோட வாழ்க்கைன்னா என்னன்னு யாராவது கேட்டால், என் பதில் இதுதான்: பசங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, வேலை மாறாது, நடுவில் இவர் நிப்பார்.

ஏன் இவ்வளவு நாள் ஆகுதுன்னு கேட்கலாம். 40 கிலோ பெட்டிதானே? மேலே போனதுக்கு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு யாரும் போக முடியாது, அதுதான் காரணம். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுத்துக்கு தொண்ணூத்தி அஞ்சு நிமிஷம். அதில் ஒரு மணி நேரம் வெயில், அரை மணி நேரத்துக்கு மேல் பூமியோட நிழல். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை கொதிச்சு, பதினஞ்சு தடவை உறையணும். காத்து இல்லாததால் ஃபேன் வெச்சு சூட்டைத் தணிக்க முடியாது. ராக்கெட் கிளம்பும்போது வர்ற அதிர்வில் ஒரு சால்டரிங் விட்டாலும் கதை முடிஞ்சது. அதனால் தரையிலேயே ஆட்டிப் பார்க்கணும், வெற்றிடத்தில் வெச்சு சூடாக்கிக் குளிராக்கிப் பார்க்கணும். தப்பு வந்தால் பிரிச்சுத் திரும்பச் செய்யணும். இதோட பர்ச்சேஸ், டெண்டர், ரிவ்யூ, இன்னொரு ரிவ்யூ... ஏழு வருஷம் அதிகம்னே சொல்ல முடியாது.

அந்த ஏழு வருஷத்தில் அந்த வாத்தியார்கள் கட்டுரைகளாக எழுதித் தள்ளியிருந்தால் பதவி உயர்வுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும். சாட்டிலைட்டில் அந்த மாதிரி வருஷக் கணக்கு காட்ட முடியாது. முதல் ஆறு வருஷம் காட்டுறதுக்கு மேஜை மேலே பிரிச்சுப் போட்ட போர்டுதான் இருக்கும்.

இந்த நாலுக்கும் ஏழுக்கும் இருக்கிற சண்டையை அமெரிக்காவில் ரெண்டு புரொபசர்கள் வேற மாதிரி தீர்த்தாங்க. ஸ்டான்ஃபோர்டில் பாப் டுவிக்ஸ். கலிபோர்னியாவிலேயே சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கிற கால் பாலியில் ஏரோஸ்பேஸ் புரொபசர் ஜோர்டி புய்க்-சுவாரி. டுவிக்ஸோட பசங்க ஓபல்னு ஒரு சாட்டிலைட்டில் வருஷக்கணக்காக உழைச்சாங்க. அது 2000 ஜனவரியில்தான் மேலே போச்சு. மனுஷன் யோசிச்சார். பசங்க படிச்சு முடிக்கிறதுக்குள் முடியணும்னா சாட்டிலைட் சின்னதாகணும். எவ்வளவு சின்னது? பீனி பேபின்னு ஒரு துணிப் பொம்மை அப்போ அங்கே ரொம்ப பிரபலம். அந்தப் பொம்மையை வெச்சு விக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கடையில் பார்த்திருக்கார். அந்த அளவுதான்! பத்து சென்டிமீட்டர் கனசதுரம், ஒரு கிலோ. 1999ல் பிறந்த 'கியூப்சாட்' இதுதான். நம்ம பசங்க பேப்பரில் வரைஞ்சு எடுத்துட்டு வந்ததும் இதே பெட்டிதான்.

பெட்டி சின்னதானால் போதுமா? ராக்கெட்காரன் ஏத்திக்கணுமே. காலேஜ் பசங்க பண்ணின டப்பாவைக் கோடிக்கணக்கில் விலையுள்ள சாட்டிலைட் பக்கத்தில் வைக்க எவன் சம்மதிப்பான்? அதுக்கு வழி பண்ணினது புய்க்-சுவாரியும் அவரோட மாணவர்களும். ஸ்ப்ரிங் வெச்ச ஒரு அலுமினியப் பெட்டி, உள்ளே மூணு கியூப்சாட் வரிசையாக. மேலே போனதும் கதவு திறக்கும், ஸ்ப்ரிங் தள்ளிவிடும். அதுவரைக்கும் உள்ளே எது உடைஞ்சாலும் பக்கத்து சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ராக்கெட்காரனுக்கு நிம்மதி. 2003 ஜூன் 30ல் ரஷ்யாவில் இருந்து முதல் கியூப்சாட்கள் போச்சு. ஜப்பான், டென்மார்க் மாணவர்கள் பண்ணினதெல்லாம் அதில் இருந்தது.

ஆனால் புய்க்-சுவாரியோட சொந்தப் பசங்களுக்கு? அவங்க பண்ணின முதல் ரெண்டு சாட்டிலைட்டும் 2006 ஜூலை 26ல் கிளம்பின ராக்கெட்டில் இருந்தது. கிளம்பின ரெண்டு நிமிஷத்துக்குள் ராக்கெட் கோளாறாகி விழுந்தது. மொத்தம் 14 கியூப்சாட் அதோட போச்சு. எத்தனை காலேஜ், எத்தனை பசங்க, எத்தனை ராத்திரி! மறுநாள் காலையில் அந்த லேபுக்குள் நுழைஞ்ச வாத்தியார் பசங்க கிட்ட என்ன பேசியிருப்பார்னு நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். என்ன பேசினாரோ, 2007 ஏப்ரலில் அடுத்த ரெண்டும் அதே ரகத்து ராக்கெட்டில் போய்ச் சேர்ந்தது.

நம்ம ஊரிலும் அப்படி ஒண்ணு நடந்திருக்கு. 2022 ஆகஸ்ட் 7, எஸ்எஸ்எல்வியோட முதல் பயணம். சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைச்சு, நாடு முழுக்க அரசுப் பள்ளி மாணவிகள் செஞ்ச கருவிகளோட ஆசாதிசாட் அதில் போச்சு. ராக்கெட் தப்பான பாதையில் விட்டதில் சாட்டிலைட் நிலைக்கலை. ஆறு மாசம் கழிச்சு, 2023 பிப்ரவரி 10, ஆசாதிசாட்-2. சரியாகப் போய் உட்கார்ந்தது.

அனுசாட்டுக்கு அப்புறம் தமிழ்நாட்டில் வரிசையாக வந்தது. 2011ல் எஸ்ஆர்எம்சாட். 2016ல் ஒன்றரை கிலோவில் சத்யபாமாசாட். 2017ல் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாமோட நியூசாட். 2021 பிப்ரவரி 28ல் பிஎஸ்எல்வி-சி51ல் மூணு காலேஜ் சாட்டிலைட் ஒண்ணாகப் போச்சு. அதில் ஒண்ணு ஸ்ரீபெரும்புதூர் ஜேப்பியார் இன்ஸ்டிட்யூட்டோட ஜேஐடிசாட். எங்க ரோட்டில் நேராகப் போனால் வர்ற ஊர்! கோயம்புத்தூர் ஸ்ரீ சக்தி காலேஜோடதும் அதில் இருந்தது. ஆக, "நம்மளால முடியுமா?"ன்னு கேட்கிற காலம் போயாச்சு. பசங்க கேட்டதில் தப்பே இல்லை.

அப்புறம் ஏன் திங்கட்கிழமை சொல்றேன்னு தள்ளிப்போட்டேன்? இதுதான் இதுவரைக்கும் நான் எழுதாத விஷயம்.

2005 மே 5ல் இஸ்ரோ ஹாம்சாட்னு ஒண்ணை விட்டது. 42 கிலோ சொச்சம். அமெச்சூர் ரேடியோக்காரங்களுக்காக. அதில் இருந்த ரெண்டு டிரான்ஸ்பாண்டரில் ஒண்ணைப் பண்ணினது நெதர்லாந்தில் படிச்சுக்கிட்டிருந்த ஒரு இன்ஜினியரிங் மாணவர். ரெண்டு வருஷம் ஓடினால் போதும்னு நினைச்சு விட்டது ஒன்பது வருஷம் ஓடினது.

2012ல் எங்க காலேஜில் ஒரு பையன். அரியர் இல்லாத செமஸ்டரே கிடையாது. ஆனால் கையில் வித்தை. அலுமினியக் கம்பியும் பிவிசி பைப்பும் வெச்சு ஒரு யாகி ஆன்டெனா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின ஒரு டிவி டாங்கிள், பழைய லேப்டாப். பிளாக் மொட்டை மாடியில் இதை வெச்சு ஹாம்சாட்டைப் பிடிச்சான். முதல் நாள் நானும் கூட இருந்தேன். வெறும் இரைச்சல், இரைச்சல், திடீர்னு ஒரு விசில். சாட்டிலைட் நம்மை நோக்கி வரும்போது சுருதி மேலே இருக்கும், தாண்டிப் போகும்போது இறங்கும். ரயில் ஹார்ன் மாதிரியேதான். டாப்ளர் விளைவுன்னு பதினஞ்சு வருஷம் போர்டில் எழுதிப்போட்டிருக்கேன். அன்னைக்குத்தான் காதால் கேட்டேன். பத்து நிமிஷம் சொச்சம் இருக்கும். அடிவானத்தில் இறங்கி, மறுபடியும் இரைச்சல். யாருமே பேசலை.

அதுக்கப்புறம் ஏழெட்டு பசங்க சேர்ந்தாங்க. ஆன்டெனாவைத் தானாகத் திருப்ப ஒரு மோட்டார், வர்ற நேரத்தைக் கணக்கு போட ஒரு புரோகிராம், இரைச்சலை வடிகட்ட ஒரு சர்க்யூட். ரெண்டு வருஷம் நல்லாப் போச்சு. 2014 மே மாசம் அந்தப் பையன் பாஸ் அவுட். ஜூலையில் பேட்டரி போய் ஹாம்சாட்டும் நின்னு போச்சு.

வேற சாட்டிலைட் எத்தனையோ மேலே சுத்திக்கிட்டிருந்தது. அதைப் பிடிக்கலாமே? மிச்சப் பசங்க முயற்சி பண்ணினாங்க. மோட்டார் ஏன் அப்படி வயர் பண்ணியிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலை. புரோகிராமில் ஒரு குறிப்பும் இல்லை. சர்க்யூட் படம் எங்கேயும் இல்லை. எல்லாம் அந்தப் பையன் தலைக்குள் இருந்தது. போன் பண்ணினேன். பெங்களூரில் வேலை. "சார், அது... ஏதோ டிரையல் அண்ட் எர்ரர்ல பண்ணினேன் சார், சரியா ஞாபகம் இல்ல"ன்னான். பாவம், அவன் மேல் தப்பில்லை. எழுதுடான்னு நான் ஒரு நாளும் சொல்லலை. சந்தோஷத்தில் இருந்தோம். அந்த ஆன்டெனா ரெண்டு மழைக்கு அப்புறம் சாய்ஞ்சு, காக்கா உட்கார்ற கம்பியாகி, கடைசியில் பெயிண்ட் அடிக்க வந்தவங்க கழட்டிப் போட்டாங்க. அதில் இருந்து மொட்டை மாடிக்கு நான் அதிகம் போறதில்லை.

ஞாயித்துக்கிழமை ராத்திரி இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். எனக்கு இப்போ ஐம்பத்தி ஒண்ணு. ஐம்பத்தி எட்டில் ரிட்டையர்மென்ட். மிச்சம் இருக்கிறது சரியாக ஏழு வருஷம்.

"ஏழு வருஷத்துல முடியுமாங்க?"ன்னாங்க வீட்டுக்காரம்மா, கீரை ஆய்ஞ்சுக்கிட்டே.

"முடிஞ்சா முடியும்."

"முடியலன்னா?"

பதில் சொல்லத் தெரியலை. படுத்தப்புறம்தான் உறைச்சது. அனுசாட் மேலே போய் என்ன வேலை பார்த்தது தெரியுமோ? ஒரு இடத்துக்கு மேலே வரும்போது அங்கே இருந்து அனுப்புற தகவலை வாங்கி மெமரியில் வெச்சுக்கும். சுத்தி இன்னொரு இடத்துக்கு மேலே போகும்போது அங்கே இறக்கிவிடும். தபால்காரர் வேலை. அந்தத் தொழில்நுட்பத்தைச் செஞ்சு காட்டத்தான் அதை அனுப்பினாங்க. 2012 ஏப்ரல் 18ல், மூணு வருஷத்துக்கு ரெண்டு நாள் குறைச்சலில், அதோட கதை முடிஞ்சது. ஏழு வருஷம் கட்டினது மூணு வருஷம்கூட இல்லை. நஷ்டம்னு சொல்வோமா? வாங்கினதைக் கொடுக்கிற வரைக்கும் வெச்சிருந்தால் போதும். தபால்காரர் வேலை அவ்வளவுதான்.

வாத்தியார் ஒரே இடத்தில் நிப்பார், பசங்க மாறுவாங்கன்னு மேலே எழுதினேன் பாருங்க, அது பாதிதான் சரி. வாத்தியாரும் ஒரு பேட்ச்தான். கொஞ்சம் நீளமான பேட்ச். 2014ல் எனக்கு அது புரியலை.

திங்கட்கிழமை காலையில் முதலில் போனது பெரியவங்க ரூமுக்கு. "இதனால பிளேஸ்மென்ட் ஏறுமா?"ன்னு கேள்வி வந்தது. வரும்னு தெரியும். "ஏறலாம் சார்"னு சொல்லி வெச்சேன். லேபில் ஒரு மூலையும், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சாவியும் கேட்டேன். கிடைச்சது. பணம் இப்போதைக்கு இல்லையாம். சரி.

அப்புறம் அந்த நாலு பேரையும் கூப்பிட்டேன். "கைடா இருக்கேன். மூணு கண்டிஷன்."

ஒண்ணு, முதலில் முழு சாட்டிலைட் வேண்டாம், ஒரே ஒரு கருவி. பிஎஸ்எல்வியோட நாலாவது கட்டம் வேலை முடிஞ்சு சும்மா சுத்தும்போது அதையே ஒரு மேடையாக வெச்சு, சின்னச் சின்ன கருவிகளை ஓட்டிப் பார்க்கிறதை இஸ்ரோ பண்ணியிருக்கு. போயம்னு பேர். 2024 டிசம்பரில் போன சி60ல் 24 கருவி இருந்தது. அதில் ஒண்ணில் காராமணி விதை முளைச்சே வந்துச்சு! அங்கே கரண்ட் கொடுக்க, திசை பார்க்க, தகவலைக் கீழே அனுப்ப எல்லாத்துக்கும் மேடையிலேயே வசதி இருக்கும். நம்ம போர்டு நம்ம வேலையைப் பார்த்தால் போதும். அந்த மாதிரி இடத்துக்கு விண்ணப்பம் போடற தகுதிக்கு ஒரு போர்டு முதலில் தயாராகட்டும். பெட்டி அப்புறம்.

ரெண்டு, ரெண்டாவது வருஷத்தில் இருந்து நாலு பேரை நீங்களே பிடிச்சுட்டு வரணும். போன வருஷம் சேர்ந்த லெக்சரர் ஒருத்தர் இருக்கார், வயசு இருபத்தெட்டு. அவரும் முதல் நாளில் இருந்தே கூட இருப்பார்.

மூணாவதை வாயால் சொல்லலை. காலையில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கின 200 பக்க லாங் சைஸ் நோட்டை மேஜை மேலே வெச்சேன்.

"ரெக்கார்டா சார்?"ன்னு ஒரு பொண்ணு முகத்தைச் சுளிச்சா.

"ரெக்கார்ட் எனக்காக எழுதறது. இது உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்காக. ஏன் பண்ணினோம், எது வேலை செய்யல, எது எரிஞ்சது, எல்லாம் இதுல இருக்கணும். எரிஞ்சதை முதல்ல எழுதுங்க."

முதல் பக்கத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 2012ல் மொட்டை மாடியில் என்ன பண்ணினோம், ஏன் அது நின்னு போச்சுன்னு ஒன்றரைப் பக்கம். ஒரு பையன் படிச்சுட்டு, "சார், அந்த ஆன்டெனா கம்பி இன்னும் இருக்கா?"ன்னு கேட்டான்.

ஸ்டோர் ரூமில் தேடிப் பார்த்தோம். ரெண்டு கம்பி கிடைச்சது. ஒண்ணு வளைஞ்சிருக்கு. நிமிர்த்திடலாம்.